சாக்கும் பட்டும்

தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் தட்டை நிலம். 1,400 மீட்டருக்கு மேலே, எந்தப் பக்கம் காலை வைத்தாலும் ஏற்றமோ இறக்கமோ இருக்கிற ஊருக்கு இந்தப் பெயரை வைத்தவன் பெரிய குறும்புக்காரனாக இருக்க வேண்டும். ஊரின் மேடு பள்ளத்தைத் தெரிந்துகொள்ளத் தரையைப் பார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் கடைவீதி அஞ்சடியில் நின்று போகிறவர் வருகிறவர் உடம்பைப் பார்த்தால் போதும்.

கோலாலம்பூரிலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். கழுத்தைச் சுற்றி உரோமம் வைத்த கோட்டு, கையுறை, காதுமூடி. வெயில் 20 பாகையில் இருக்கும். அந்தக் கோட்டைத் தைத்தவன் மனத்தில் இருந்தது பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசம். இவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆவி பறக்கும் சோளம் தின்று, உள்ளே வேர்த்து வழிய, வெளியே நடுங்குவதுபோலப் படம் எடுத்துக்கொள்வார்கள். எதிர்ச்சாரியில் காய்கறித் தோட்டத்து வங்காளதேசத்துப் பையன்கள் நடந்து போவார்கள். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், மேலே யாரோ ஒரு ஜப்பான்காரர் வேண்டாமென்று கழித்துவிட்ட ஜாக்கெட். பழைய துணி விற்கிற பண்டல் கடையில் பத்து வெள்ளிக்கு வாங்கியது. குளிருக்கு உண்மையாகவே தேவைப்படுகிற உடை அவர்கள் மேலே இருப்பதுதான். ஆனால் யாரும் அவர்களைப் படம் எடுப்பதில்லை. தேயிலைச் செடிக்கு நடுவில் நின்றால் எடுப்பார்கள். அப்போது அவர்கள் இயற்கைக் காட்சி.

போன டிசம்பரில் ஒரு நண்பர் என்னை மதியத் தேநீருக்கு ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். வாசலில் பித்தளைத் தகடு. கண்ணியமான உடை அணியவும். சிலிப்பர், கையில்லாத பனியன், லுங்கிக்கு அனுமதி இல்லை. உள்ளே விற்கிற சாமான் தேத்தண்ணி. அதாவது சிலிப்பரும் பனியனும் லுங்கியுமாக ஏறக்குறைய நூறு வருஷம் கிள்ளிக் கொடுத்த கொழுந்தை, கிள்ளினவர்கள் அதே கோலத்தில் வந்தால் குடிக்க முடியாது. நான் காலர் வைத்த சட்டை போட்டிருந்தேன். விட்டுவிட்டார்கள். அந்த நன்றிக்கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணியம் என்பது ஒரு சாக்கு. தமிழ் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளை வைத்திருக்கிறது. ஒன்று, மூட்டை கட்டுகிற சாக்கு. இன்னொன்று, சொல்லித் தப்பிக்கிற சாக்கு. உடை சரித்திரம் முழுவதையும் இந்த இரண்டால் தைத்துவிடலாம். முதல் சாக்கை உழைக்கிறவன் கட்டினான். இரண்டாவது சாக்கை அவனைக் கட்ட வைத்தவன் சொன்னான்.

இந்த மலையில் மனிதர்கள் மட்டுமல்ல, கட்டடங்களும் வேஷம் போட்டிருக்கின்றன. வெள்ளைச் சுவர், அதன்மேல் கறுப்பு மரச்சட்டங்கள், கூம்புக் கூரை, குளிர்காயக் கணப்பு. டியூடர் பாணியாம். 1885இல் வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் அளக்க வந்தார். 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறி வந்து பார்த்து, மலை வாசஸ்தலம் ஆக்கலாம் என்று முனைந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காரணமாக ஆரோக்கியம், விவசாயம் என்று ஏதேதோ எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் காரணம் ஒன்றுதான்: மலாயாவின் புழுக்கத்தில் கோட்டுப் போட்டால் தொரைக்கும் வேர்க்கும், வேர்த்தால் தொரையும் கூலியும் ஒரே மாதிரி நாறுவார்கள். வேர்க்காமல் தொரையாக இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த டியூடர் காலத்து இங்கிலாந்து எப்படிப்பட்டது என்று பார்த்தால் கட்டடம் நன்றாகவே பேசுகிறது. 1574இல் முதலாம் எலிசபெத் ஓர் ஆணை போட்டார். ஊதாப் பட்டும் தங்கச் சரிகையும் அரச குடும்பத்துக்கும் பெரும் பிரபுக்களுக்கும். வெல்வெட்டு இன்ன வருமானத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு. அதற்குக் கீழே இன்ன துணி, இன்னும் கீழே இன்ன துணி. யார் தொடையில் என்ன காலுறை என்பதுவரை ராணிக்குக் கவலை. அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஆறு வயதுக்கு மேற்பட்ட சாமானியர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கம்பளிக் குல்லாய் போட்டாக வேண்டும் என்று சட்டம். பிரபுக்களுக்கு விலக்கு. சொன்ன சாக்கு என்ன? வாலிபர்கள் உடைக்குச் செலவழித்துக் கெட்டுப்போகிறார்கள், அந்நியத் துணி வந்து நாடு நொடிக்கிறது. ஏழை பணத்தை வீணாக்கக் கூடாதே என்று பணக்காரன் அழுகிற அழுகை நானூற்றைம்பது வருஷப் பழசு. 1604இல் அந்தச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது எதையும் தூக்கிப் போடாமல் மடித்து, கப்பலில் ஏற்றி, கீழ்த்திசைக்கு அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

கீழ்த்திசையில் ஏற்கெனவே சரக்கு இருந்தது. மலாக்கா சுல்தானகத்தின் சட்டத்தில் மஞ்சள் துணி அரச குடும்பத்துக்கு மட்டும். பிரஜை மஞ்சள் கட்டினால் குற்றம். பழைய கதை என்று சிரிக்க வேண்டாம். 2011 ஜூலையில் நேர்மையான தேர்தல் கேட்டு பெர்சே இயக்கம் ஊர்வலம் அறிவித்தபோது, அந்த இயக்கத்தின் மஞ்சள் சட்டையைப் போட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. 2015 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு பெர்சே 4 என்று எழுதிய மஞ்சள் உடைக்குத் தடை ஆணையே போட்டது. அதே 2015இல், அரசு அலுவலகத்துக்குப் போன ஒரு பெண்மணியைப் பாவாடை குட்டை என்று நிறுத்தி, ஒரு சரோங்கைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வேறொன்றுக்கு வந்தது. ஓட்டல் வாசலில் லுங்கி கட்டினால் கண்ணியக் குறைவு. அரசு அலுவலக வாசலில் லுங்கி கட்டாவிட்டால் கண்ணியக் குறைவு. அந்த நாலு முழத் துணிக்கே குழப்பமாக இருந்திருக்கும், தான் மானத்தைக் காப்பாற்றுகிறதா வாங்குகிறதா என்று.

வெள்ளைக்காரனையும் சுல்தானையும் திட்டி முடித்தால் தமிழனுக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. நம் பெட்டியைத் திறப்போம்.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மூடினார்கள். அதுதான் குற்றம். கிறிஸ்தவம் தழுவியவர்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று திவான் கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி வந்தது. போட்டார்கள். சந்தையில் கிழித்தார்கள். 1829இல் அரசு ஆணை கிழித்தவர்கள் பக்கம் நின்றது. முப்பது வருஷம் தெருவில் சண்டை, வீடு எரிப்பு, பள்ளிக்கூடம் எரிப்பு. கடைசியில் சென்னை ஆளுநர் டிரெவிலியன் நெருக்கியபிறகு, 1859 ஜூலை 26இல் மகாராஜா பெரிய மனது பண்ணினார். நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணி சுற்றலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். ஒரே ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக் கூடாது.

அந்த நிபந்தனையை இன்னொரு தடவை படியுங்கள். எவ்வளவு நேர்மையான வாக்கியம்! அதுவரை பேசிய வழக்கம், தர்மம், ஆசாரம் எல்லாம் கழன்று விழுந்து, விஷயம் அம்மணமாக நிற்கிறது. மார்பு தெரிவதோ மறைவதோ மகாராஜாவின் பிரச்சினையாகவே இருக்கவில்லை. நீ என்னைப்போலத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். மற்றதெல்லாம் சாக்கு. ஓட்டல் வாசல் தகட்டை எழுதியவன் இந்த மகாராஜாவிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

இராமநாதபுரம் இன்னும் நேர்மை. 1930 டிசம்பரில் அங்கே கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அந்தப் பட்டியலைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் முட்டிக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் உடம்பின் மேற்பகுதியை மூடக் கூடாது. பொன், வெள்ளி கூடாது. பூ கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மழையும் முள்ளும்கூடச் சாதி பார்த்து இறங்க வேண்டும் என்ற அபார நம்பிக்கை! மீறியவர்களின் குடிசை எரிந்தது. அடுத்த ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று.

இதற்கு ஒன்பது வருஷம் முன்னால், பக்கத்து ஊரான மதுரையில், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி தன் மேல்சட்டையைத் துறந்து அரைத்துணிக்கு மாறினார். உலகமே வணங்கியது. நானும் வணங்குகிறேன். ஆனால் கழற்றித் துறவி ஆவதற்கு முதலில் போட்டிருக்க வேண்டும் இல்லையா? போட்டால் குடிசை எரியும் என்ற ஊரில், துறப்பதற்கு அந்த மனிதனிடம் என்ன இருந்தது? அம்பேத்கர் கடைசிவரை கோட்டும் டையும் கட்டி நின்றதை ஆடம்பரம் என்று சிலர் இன்னமும் மூக்கைச் சுளிக்கிறார்கள். இராமநாதபுரத்துப் பட்டியலை எட்டிலிருந்து பதினொன்றுவரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அப்புறம் சுளிக்கட்டும்.

துண்டு விவகாரமும் நம் சரக்குதான். தோளில் கிடக்கிற துண்டு ஆண்டையைக் கண்டதும் கக்கத்துக்கு இறங்கும், இடுப்புக்குப் போகும். கானாடுகாத்தானில் கல்யாண ஊர்வலத்தில் நாகஸ்வரம் வாசித்த சிவக்கொழுந்தின் தோள்துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரி எழுந்து நின்ற கதையை சுயமரியாதைக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். பூரிக்கட்டும். மூச்சை அடக்கி வாசிக்கிறவனுக்கு வேர்வை துடைக்க ஒரு முழத் துணி வேண்டும் என்று புரிய வைக்க நமக்கு ஓர் இயக்கமே தேவைப்பட்டது.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் இந்த மண்ணிலிருந்துதான் கப்பல் ஏறினார்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு என்று எல்லாச் சீமையிலிருந்தும். வெயிலுக்குப் பழகிய உடம்பு. ஒரு சேலை, மாற்றுக்கு ஒரு சேலை. ஒரு வேட்டி, மாற்றுக்கு அதே வேட்டி. அழைத்து வந்த கங்காணியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கீழே வேட்டி, மேலே கோட்டு, தலையில் முண்டாசு, கையில் குடையோ வெள்ளிப் பூண் போட்ட பிரம்போ. அந்தக் கோட்டுதான் ஆள்பிடிக்கிற விளம்பரப் பலகை. பால்மரத்தில் காசு காய்க்கிறது, பார், எனக்குக் காய்த்திருக்கிறது என்று ஊர்ச் சாவடியில் அந்தக் கோட்டு பேசும். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கின தலைக்காசில் தைத்த கோட்டு அது. கங்காணி போட்டுக்கொண்டு வந்தது கம்பளியை என்று நினைத்தால் தப்பு. நாற்பது ஐம்பது பேரைத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்றால், யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். முட்டிவரை காலுறையும் அரைக்கால் சட்டையும் கெட்டித் தொப்பியுமாக நிற்பது தொரை. வெள்ளை நீளக்கால் சட்டை கணக்கெழுதுகிற கிராணி. காக்கி என்றால் வேலை வாங்குகிற மண்டோர். மீதி எல்லாம் மீதி. தொரை எதிரே வந்தால் குடை மடங்கும், செருப்பு கழலும், சைக்கிளில் போகிறவன் குதித்து இறங்கி உருட்டிக்கொண்டு போவான். இராமநாதபுரத்துக்காரன் இதைப் பார்த்து ஒரு விநாடி திகைத்திருப்பான்: கடல் தாண்டி வந்தேனா, இல்லை கப்பல் வட்டமடித்து என்னை ஊரிலேயே இறக்கிவிட்டதா?

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பெண்களைத் தொடாதே என்றார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. தொரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். தலையில் காந்தி குல்லாய். வெறும் கதர்த்துணி, கால் வெள்ளி பெறாது. ஆனால் குனிந்தே பழகிய தலைமேல் அது உட்கார்ந்ததைப் பார்த்ததும் அரசாங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டார்கள், செத்தார்கள். குல்லாய் போடாவிட்டால் தண்டனை என்று சட்டம் எழுதின அதே இங்கிலாந்துதான் இது. எந்தக் குல்லாய், யார் சொல்லிப் போட்டது என்பதில்தான் எல்லாமே.

அடுத்த வருஷம் தொரைமார்கள் காலுறையோடு ஓடிப்போனார்கள். ஜப்பான்காரன் வந்தான். துணி மறைந்தது. சாக்கு மூட்டையில் மூன்று ஓட்டை போட்டுத் தலையையும் கையையும் நுழைத்துக்கொண்டார்கள். ரப்பர் ஷீட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டவர்களும் உண்டு. தான் வெட்டின பாலைத் தானே கட்டிக்கொள்ளும் பாக்கியம் அப்போதுதான் கிடைத்தது. அந்தக் கோலத்திலேயே மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்களை சயாம் மரண ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் அடியிலும் முடிந்தார்கள். யார், எங்கே புதைந்தார் என்று தேட ஒரு நாயையும் எவனும் அனுப்பவில்லை.

நடுவில் ஒரே ஒரு மின்னல். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். கேப்டன் லட்சுமி தலைமை. தோட்டத்துப் பெண்கள் சேலையைக் களைந்து கால்சட்டையும் சட்டையும் மாட்டி, கூந்தலை வெட்டி, துப்பாக்கி தூக்கி நின்றார்கள். பால்வாளி சுமந்த தோளில் துப்பாக்கி வார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அடைத்த தொண்டையோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அதிகாரிகளில் பெரும்பாலும் இங்கிலீஷ் படித்த வீட்டுப் பிள்ளைகள், அணியில் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். உடுப்பு ஒன்றாகியும் தோள்பட்டை தனியாகவே இருந்தது.

இப்போது பட்டுக்கு வருவோம். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவுக்கு அருகே, மூன்லைட் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஜிம் தாம்சன் மதியம் வெளியே நடக்கப் போனார். திரும்பவில்லை. தாய்லாந்துப் பட்டு ராஜா என்று உலகம் கொண்டாடிய அமெரிக்கர். 1951இல் பிராட்வேயில் அரங்கேறிய 'த கிங் அண்ட் ஐ' நாடகத்துக்கு உடை அவர் பட்டு. காணாமல் போனார் என்றதும் போலீஸ், பட்டாளம், ஒராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் காட்டை அரித்தார்கள். மந்திரம் போடுகிற போமோக்கள் வந்தார்கள். ஞானதிருஷ்டிக்காரர் ஒருவர்கூட வந்தார். அறுபது வருஷம் ஆகப் போகிறது, இன்றுவரை புத்தகம் எழுதித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பட்டு உடுத்தினவர் ஒருவருக்கு ஒரு மலையையே சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். சாக்கு உடுத்தின பல்லாயிரம் பேருக்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை. தாம்சன் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், நடக்கப் போன மனுஷன். ஆனால் காணாமல் போவதற்குக்கூட ஒரு தகுதியான உடை வேண்டும் போலிருக்கிறது.

பருத்திக்கும் இதே கதைதான். மெட்ராஸ் கட்டம் போட்ட துணி கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் தாத்தாக்கள் கைலியாகக் கட்டின அதே கட்டம். 1958இல் அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதைச் சட்டையாகத் தைத்து விற்றது. துவைத்தால் சாயம் போயிற்று. வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரச் சக்கரவர்த்தி டேவிட் ஒகில்வி ஒரு வழி கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள்: சாயம் போகும், உத்தரவாதம் என்றே விளம்பரம். பிய்த்துக்கொண்டு போயிற்று. லயத்துக் கொடியில் சாயம் வெளுத்துத் தொங்கினால் தரித்திரம். அமெரிக்கப் பணக்காரக் கல்லூரிப் பையன் உடம்பில் வெளுத்தால் ரசனை. 2018இல் ஜாரா கடை அச்சு அசலாக நம் கைலியை முன்னால் மடித்துத் தைத்து, பாவாடை என்று ஏறக்குறைய 70 பவுண்டுக்கு விற்றது. அதைக் கட்டிக்கொண்டு யாராவது தானா ராத்தா ஓட்டலுக்கு வந்தால் தகடு என்ன செய்யும்? கதவைத் திறந்துவிடும்.

என் பாட்டியிடமும் ஒரு கோட்டு இருந்தது. மெர்டேகா என்கிற சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குப் புறப்பட்ட ஒரு தொரைசானி கொடுத்தது. பழுப்புக் கம்பளி, உள்ளே வழுவழு என்று பட்டு வரி. மறுநாள் விடியக்காலை அதை மாட்டிக்கொண்டு பாட்டி பெரட்டுக்குப் போனாள். பனி கொட்டுகிற நேரம். கிராணி ஏற இறங்கப் பார்த்தாராம். "இந்தாம்மா, அது தொரைசானி கோட்டு. கொழுந்து எடுக்க இதையா போட்டுக்கிட்டு வருவே? கழட்டு." கிராணியும் தமிழர்தான். பாட்டி கழற்றினாள். கோபத்தை மட்டும் கழற்றவில்லை. அன்று இரவே கோட்டை வெட்டி, மடித்துத் தைத்து, கூடைக்கும் முதுகுக்கும் நடுவே வைக்கிற மெத்தையாக்கிக்கொண்டாள். பட்டுப் பக்கம் முதுகுக்கு. சாகிறவரை கிராணிக்குத் தெரியாமல் பட்டு உடுத்திக்கொண்டுதான் கொழுந்து எடுத்தாள்.

கிராணியைத் திட்டத் தோன்றுகிறது அல்லவா? பொறுங்கள். 2014இல் சென்னையில் ஓர் உயர்நீதிமன்ற நீதிபதி வேட்டி கட்டிக்கொண்டு கிரிக்கெட் கிளப் விழாவுக்குப் போனார். உள்ளே விடவில்லை. தமிழ்நாட்டில், தமிழர்கள், தமிழரை, வேட்டிக்காக. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷம் கழித்து! சட்டசபை கூடி ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நீதிபதி என்பதால் சட்டம் வந்தது. அதே வாசலில் அதற்கு முன்னால் திருப்பி அனுப்பப்பட்ட டிரைவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இங்கே நம் தலைவர்கள் வேட்டியைக் காப்பாற்றுகிற அழகு தனி. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நாலு சக்கர வண்டியில் டத்தோ பட்டம் வாங்கினவர் வந்து இறங்குவார். ஒட்டிக்கோ வேட்டி, இழுத்தால் சரக்கென்று கழன்று வரும், கொள்கை மாதிரி. மேடையில் பொன்னாடை. சரிகை போட்ட பாலியெஸ்டர், குளிருக்கு உதவாது, துடைக்க உதவாது, தண்ணீர் உறிஞ்சாது. இவர் அவருக்குப் போர்த்துவார், அவர் அடுத்த வாரம் இன்னொருவருக்குப் போர்த்துவார். ஒரே பொன்னாடை மாநிலம் மாநிலமாகச் சுற்றி வரும். கீழே உட்கார்ந்திருக்கிற கிழவிகள் தோளில் பிள்ளைகள் பண்டல் கடையில் வாங்கிக் கொடுத்த சுவெட்டர். மேடையிலிருந்து ஒருவருக்கும் தோன்றாது, ஒரு கம்பளியை வாங்கிப் போர்த்தலாமே என்று. கம்பளிக்குச் சரிகை கிடையாதே.

நாம் மேலே வந்துவிட்டோம். என் தலைமுறையில் கொழுந்து எடுக்கிற தமிழர் தேடினாலும் கிடைப்பது அரிது. கூடையை வங்காளதேசத்துக்காரனும் நேப்பாளியும் இந்தோனேசியனும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது கூடைகூட இல்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்கிற வெட்டு இயந்திரம். இடுப்பில் ஈரத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, காலில் பூட்ஸ். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஊருக்கு அனுப்பினது போக மிச்சத்தில்தான் பண்டல் ஜாக்கெட். அவர்கள் கடைவீதிப் பக்கம் வந்தால் நம் பெண்மணிகள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். "பங்களா பசங்க, எப்படி டிரஸ் பண்றானுங்க பாரு லா," என்று என் சொந்தக்காரர் ஒருவர் சிரித்தார். அவருடைய தாத்தா சாக்கில் மூன்று ஓட்டை போட்டுக்கொண்டவர்.

ஓட்டல் கதையை முடித்துவிடுகிறேன். நானும் நண்பரும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். நண்பருடைய ஜாக்கெட் கோலாலம்பூர் பேரங்காடியில் நானூறு ரிங்கிட்டுக்கு வாங்கினது; அவரே மூன்று முறை சொன்னார். தேத்தண்ணி வந்தது, ஸ்கோன் வந்தது, ஸ்ட்ராபெரி ஜாம் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பையன் ஒருவன் ஓடி வந்து வாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கினான். ரப்பர் பூட்ஸ், சேறு. மேலே, நண்பர் போட்டிருந்த அதே கம்பெனி ஜாக்கெட், அதே நீலம், முழங்கையில் ஒட்டுப் போட்டது.

காவலாளி நேப்பாளி. பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, தோளில் கயிறு. தகட்டைக் காட்டினார். பையன் மழையைக் காட்டினான். காவலாளிக்கும் சங்கடம்; சுற்றிலும் பார்த்தவர், உள்ளே எங்கள் மேசையில் என் முகத்தைக் கண்டார். நிறம் ஒன்று. கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்து, மரியாதையாகவே மலாயில் கேட்டார்: "பாஸ், இது உங்க ஆளா?"

நான் காலரைச் சரிசெய்துகொண்டு, இல்லை என்றேன்.